பழைய வீட்டுக் கணினியில் டயல்-அப் மோடம் இணையவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமடோர் 64, ஆப்பிள் 2, அடாரி 800, டிஆர்எஸ்-80, தொடக்க கால ஐபிஎம் பிசி போன்ற கணினிகளைத் தூசி தட்டி எடுத்து, அவற்றை மோடம் (கணினித் தரவைத் தொலைபேசி ஒலியாக மாற்றும் கருவி) வழியாகப் பேச வைக்க முயல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 300 முதல் 2400 பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை பிட்) வரையிலான மோடங்களே இங்கே முக்கியம். அதைவிட வேகமானவை தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். ஏடி (AT) என்று இருந்தால் அந்த இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் அடித்து ரிட்டர்ன் விசையைத் தட்ட வேண்டும்.

இணைப்பு வரவில்லை. எதை முதலில் பார்ப்பது?

நீங்கள் அடிக்கும் எழுத்து டெர்மினல் மென்பொருள் (அடிப்பதை அனுப்பி, வருவதைத் திரையில் காட்டும் நிரல்), சீரியல் போர்ட் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் துளை), கேபிள், உங்கள் மோடம், தொலைபேசி இணைப்பு, எதிர்முனை மோடம், எதிர்முனைக் கணினி என்ற வரிசையில் பயணம் செய்கிறது. கோளாறு இந்த ஏழில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள். எடுத்த எடுப்பிலேயே பலரும் தொலைபேசி இணைப்பின் மேல்தான் பழி போடுகிறார்கள். அது நியாயமில்லை. கேபிளிலும் அமைப்புகளிலும் தவறு நடக்க அதைவிட நிறைய வழிகள் உண்டு.

டெர்மினல் மென்பொருளைத் திறந்து ஏடி அடித்துப் பாருங்கள். ஓகே என்று பதில் வந்தால் முதல் நான்கும் பெரும்பாலும் சரி. பதில் வராவிட்டால் தொலைபேசி இணைப்புக்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. சுவரிலிருந்து வயரைக் கழற்றியே வைத்துவிடலாம். இந்த ஒரு சோதனையில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், வேலை செய்தாலும் எதனால் செய்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

பல வருடம் பெட்டியில் கிடந்த மோடம். அப்படியே மின்சாரம் கொடுக்கலாமா?

அடாப்டரைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். அந்தக் கால வெளி மோடங்கள் பலவற்றுக்கு மாறுமின்னோட்டம் தரும் அடாப்டர் வேண்டும். நேர்மின்னோட்டம் தரும் இன்றைய அடாப்டரின் முனை அதே துளையில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் மோடம் இயங்காது, கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. மோடத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டு அதற்கேற்ற அடாப்டரை மாட்டுங்கள்.

தொலைபேசி வயரின் வெற்று முனைகளையும் கையால் தொட வேண்டாம். சும்மா இருக்கும்போது அதில் 48 வோல்ட் அளவுக்கு இருக்கும். மணி அடிக்கும்போது 90 வோல்ட் வரை போகும். தொட்டால் நன்றாகவே உதறும்.

ஏடி அடித்தால் ஒன்றுமே வரவில்லை.

முதலில் மோடத்தின் முன்பக்க விளக்குகளைப் பாருங்கள். எஸ்டி (SD) என்று போட்டிருப்பது கணினியிலிருந்து வரும் தரவுக்கான விளக்கு. நீங்கள் விசையைத் தட்டும்போது அது மின்னினால் எழுத்து மோடம்வரை போய்ச் சேர்கிறது. மின்னாவிட்டால் போர்ட், கேபிள் இரண்டில் ஒன்றுதான் காரணம்.

கேபிள்: ஆர்எஸ்-232 முறையில் கணினி ஒரு வகைக் கருவி, மோடம் இன்னொரு வகை. கணினி 2-ம் பின்னில் அனுப்பும். மோடம் அதே 2-ம் பின்னில் வாங்கும். 3-ம் பின் பதில் வரும் வழி. 7-ம் பின் இரண்டுக்கும் பொதுவான தரை. இது 25 பின் இணைப்பியின் கணக்கு. ஆகவே மோடத்துக்கு நேரான கேபிள்தான் வேண்டும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் நல் (null) மோடம் கேபிளில் 2-ம் 3-ம் குறுக்கே மாறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மல்டிமீட்டரால் பின்னுக்குப் பின் சரிபார்த்து, எது எது என்று கேபிளின் மேல் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

போர்ட்: கேபிளை மோடத்திலிருந்து கழற்றி, அந்த முனையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். டெர்மினலில் லோக்கல் எக்கோவை (அடித்ததை டெர்மினலே திரையில் காட்டும் அமைப்பை) அணைத்துவிட்டு ஏதாவது அடியுங்கள். அடித்த எழுத்து திரையில் வந்தால் போர்ட்டும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. வராவிட்டால் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து இணைத்து மறுபடி பாருங்கள். சில மென்பொருள்கள் 5-ம் பின்னில் அனுமதி வந்தால்தான் அனுப்பும்.

கணினிக்குக் கணினி மாறும் விஷயங்களும் உண்டு. கமடோர் 64-இன் யூசர் போர்ட்டில் வருவது 0-வுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட சிக்னல். அது ஆர்எஸ்-232-இன் நேர்-எதிர் மின்னழுத்தம் அல்ல. பொதுவான வெளி மோடத்தை மாட்ட விக்-1011ஏ போன்ற மாற்றி இடையில் கட்டாயம் வேண்டும். ஆப்பிள் 2-இன் சூப்பர் சீரியல் கார்டில் அம்புக்குறி போட்ட ஜம்பர் கட்டை ஒன்று இருக்கும். அம்பு மோடம் என்ற பக்கம் பார்க்க வேண்டும். டெர்மினல் பக்கம் பார்த்தால் 2-ம் 3-ம் மாறிவிடும். அடாரி 8-பிட் கணினிகளுக்கு 850 இடைமுகப் பெட்டியும், ஆர் என்ற கருவிக்கான ஹேண்ட்லர் நிரல் நினைவகத்தில் ஏறியிருப்பதும் அவசியம். ஐபிஎம் பிசியில் காம்1, காம்3 என்ற சீரியல் போர்ட்கள் ஒரே ஐஆர்க்யூ (செயலியை அழைக்கும் தடம்) 4-ஐயும், காம்2-ம் காம்4-ம் ஐஆர்க்யூ 3-ஐயும் பகிர்ந்துகொள்கின்றன. காம்1-இல் மவுஸும் காம்3-இல் உள் மோடமும் இருந்தால் இரண்டும் மோதும். மோடத்தைக் காம்2-வுக்கோ காம்4-க்கோ மாற்றுங்கள்.

மோடம் ஊமையாக்கப்பட்டிருக்கவும் கூடும். முன்பு பயன்படுத்தியவர் எக்கோவையும் பதில்களையும் அணைத்துச் சேமித்து வைத்திருந்தால், மோடம் சொன்னதைச் செய்யும், வாய் மட்டும் திறக்காது. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, ஏடி இ1க்யூ0வி1 (ATE1Q0V1) என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பாருங்கள். அதன் பின் ஓகே வந்தால் தீர்ந்தது.

ஏ, டி இரண்டும் ஒரே வகை எழுத்தாக இருப்பதும் முக்கியம். ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்றால் பல மோடங்கள் கண்டுகொள்ளாது. அந்த இரண்டு எழுத்துகளின் பிட்களை அளந்துதான் மோடம் உங்கள் கணினியின் வேகத்தையும் பேரிட்டியையும் (எழுத்தோடு சேரும் சரிபார்ப்பு பிட்டையும்) கண்டுபிடிக்கிறது.

என் மோடத்துக்கு ஏடி கட்டளையே தெரியாது. என்ன செய்வது?

ஏடி கட்டளைகள் 1981-இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தோடு வந்தவை. மற்ற நிறுவனங்கள் பிறகு அதைப் பின்பற்றின. அக்கூஸ்டிக் கப்ளர், விக்மோடம் போன்றவை கட்டளை கேட்காத எளிய கருவிகள். நீங்களே தொலைபேசியில் டயல் செய்து, எதிர்முனையின் நீண்ட ஒலியைக் காதால் கேட்ட பிறகு மோடத்திடம் ஒப்படைக்க வேண்டும். கப்ளர் என்றால் ரிசீவரை ரப்பர் குழிகளில் அழுத்தி வைக்க வேண்டும். விக்மோடம் என்றால் ரிசீவரின் சுருள் வயரைக் கழற்றி மோடத்தில் செருக வேண்டும். இதை மெதுவாகச் செய்தால் எதிர்முனை காத்திருந்து வைத்துவிடும்.

கப்ளரில் ரிசீவரைத் தலைகீழாக வைப்பது ரொம்ப சாதாரணமாக நடப்பது. வயர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கப்ளரில் குறியிட்டிருப்பார்கள். தட்டையான, சதுரமான புதுக்கால ரிசீவர்கள் வட்டக் குழியில் சரியாக உட்காராது; இடுக்கு வழியே அறைச் சத்தம் உள்ளே போய்த் திரையில் குப்பை எழுத்தாக வரும். வட்ட முனை கொண்ட பழைய ரிசீவரைத் தேடிப் பிடியுங்கள். மின்விசிறி, வானொலி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அழைப்பவர், பதில் தருபவர் என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் ஒரு முனை அழைப்பவராகவும் மறுமுனை பதில் தருபவராகவும் இருக்க வேண்டும். பெல் 103 முறையில் அழைப்பவர் 1070, 1270 ஹெர்ட்ஸில் பேசுவார். பதில் தருபவர் 2025, 2225 ஹெர்ட்ஸில். இருவரும் ஒரே பக்கம் வைத்திருந்தால் ஒருவர் பேசுவது மற்றவர் காதிலேயே விழாது.

ஓகே வருகிறது. டயல் செய்தால் டயல் டோன் இல்லை என்கிறது.

சுவருக்கும் தொலைபேசிக்கும் மோடத்தில் தனித்தனித் துளைகள் உண்டு. மாற்றிச் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தால், அதே வயரில் சாதாரணத் தொலைபேசியை மாட்டிக் கேளுங்கள்.

டயல் டோன் காதுக்குக் கேட்டும் மோடம் இல்லை என்றால், அந்த ஒலி மோடம் எதிர்பார்க்கும் ஒலி இல்லை என்று பொருள். டயல் டோனின் சுருதி நாட்டுக்கு நாடு மாறும். ஏடி எக்ஸ்3 கொடுத்தால் மோடம் டயல் டோனுக்குக் காத்திருக்காமல் நேரே டயல் செய்யும். அலுவலகக் கிளை இணைப்பிலிருந்து வெளியே போக 9 போன்ற எண் தேவையென்றால், அதற்குப் பின் ஒரு காற்புள்ளி போடுங்கள். வழக்கமான அமைப்பில் 2 விநாடி நிறுத்தம் கிடைக்கும்.

டயல் செய்தும் மணி போகவில்லையா? ஏடி டிடி (ATDT) என்பது டோன் முறை. ஏடி டிபி (ATDP) என்பது பல்ஸ் முறை. பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு டோன் புரியாது. இன்றைய டிஜிட்டல் பெட்டிகள் பலவற்றுக்குப் பல்ஸ் புரியாது.

எதிர்முனை எடுக்கிறது, ஒலி கேட்கிறது, ஆனால் நோ கேரியர் என்று வருகிறது.

மோடத்தின் ஒலிபெருக்கியை ஏடி எம்1 கொடுத்துத் திறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சத்தமாக இருக்கிறதே என்று இதை அணைத்து வைப்பவர்கள் தங்களிடம் உள்ள நல்ல சோதனைக் கருவி ஒன்றை இழக்கிறார்கள்.

ஒரே சீரான ஒலி வந்து, உங்கள் மோடம் பதிலே தராமல் இருந்தால், இரண்டும் வெவ்வேறு தரத்தில் பேசுகின்றன என்று சந்தேகப்படலாம். 300 பிபிஎஸ்ஸில் வட அமெரிக்காவின் பெல் 103-ம் பன்னாட்டுத் தரமான வி.21-ம் வேறு வேறு அதிர்வெண்களைப் பயன்படுத்துகின்றன. ஒன்றுக்கொன்று புரியவே புரியாது. 1200-இல் பெல் 212ஏ-வும் வி.22-ம் நெருங்கிய உறவு, ஆனால் பதில் ஒலி வேறு: பெல்லில் 2225 ஹெர்ட்ஸ், பன்னாட்டு முறையில் 2100. ஹேய்ஸ் வழி மோடங்களில் ஏடி பி1 (ATB1) பெல்லையும் ஏடி பி0 (ATB0) பன்னாட்டுத் தரத்தையும் தேர்ந்தெடுக்கும்.

இரண்டும் பேசத் தொடங்கி, கடமுடவென்று சத்தம் போட்டு, முடிக்காமலே உங்கள் பக்கம் வைத்துவிடுகிறதா? அப்படியானால் நேரம் போதவில்லை. கேரியருக்காக (எதிர்முனை மோடத்தின் தொடர் ஒலிக்காக) காத்திருக்கும் விநாடிகளை மோடத்தின் எஸ்7 என்ற அமைப்பு வைத்திருக்கிறது. ஏடி எஸ்7=60 கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டெர்மினல் வேகத்தைக் குறைத்து, ஒரு முறை ஏடி அடித்து, மறுபடி டயல் செய்யுங்கள். 2400 வரையிலான மோடங்கள் பொதுவாக நீங்கள் கடைசியாக ஏடி அடித்த வேகத்திலேயே அழைக்கும்.

இணைந்துவிட்டது. திரையெல்லாம் குப்பை எழுத்து.

குப்பையிலும் வகை உண்டு. வகையைப் பார்த்தாலே காரணம் தெரியும்.

முதல் எழுத்திலிருந்தே ஒன்றும் படிக்க முடியவில்லை என்றால் வேகம் பொருந்தவில்லை. மோடம் கனெக்ட் 1200 என்று சொல்லியும் உங்கள் டெர்மினல் 2400-இல் நின்றால் இப்படித்தான் இருக்கும்.

பாதி எழுத்து சரி, பாதி விசித்திரம் என்றால் பேரிட்டி. இதை நிச்சயமாகவே கண்டுபிடித்துவிடலாம். எதிர்முனை 7-இ-1, அதாவது 7 பிட், இரட்டைப்படைப் பேரிட்டி, 1 நிறுத்த பிட் என்று அனுப்புகிறது. நீங்கள் 8-என்-1-இல் (8 பிட், பேரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட்) வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில ஏ எழுத்தின் எண் 65; அதில் 1 என்ற பிட் இரண்டு. இரட்டைப்படை என்பதால் பேரிட்டி பிட் 0. எழுத்து அப்படியே வரும். சி எழுத்தின் எண் 67. அதில் 1 மூன்று. இரட்டைப்படையாக்க எட்டாவது பிட் 1 ஆகும், எண் 195 ஆகிவிடும், திரையில் வேறு ஏதோ வரும். ஆக ஏ, பி (B), டி (D), ஜி நன்றாக வந்து சி, இ, எஃப் கெட்டிருந்தால் 7-இ-1-க்கு மாற்றுங்கள். பொழுதுபோக்கு அறிக்கைப் பலகைகள் (மோடத்தில் அழைத்துச் செய்தியும் கோப்பும் பகிரும் கணினிகள்) பெரும்பாலும் 8-என்-1. கம்ப்யூசர்வ் போன்ற பெரிய சேவைகளில் 7-இ-1 வழக்கமாக இருந்தது.

எழுத்துகள் சரி, ஆனால் பெரியது சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் வந்தால் கோளாறே இல்லை. கமடோரின் பெட்ஸ்கி எழுத்து முறைக்கும் ஆஸ்கிக்கும் உள்ள வித்தியாசம் அது. டெர்மினலில் ஆஸ்கி மாற்றத்தைப் போடுங்கள்.

சதுர அடைப்புக்குறி, எண்கள், அரைப்புள்ளி, கடைசியில் எம் என்று திரும்பத் திரும்ப வந்தால் எதிர்முனை ஆன்சி வண்ணக் குறிகளை அனுப்புகிறது, உங்கள் டெர்மினலுக்கு அது தெரியாது. நுழையும்போது ஆன்சி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே இரண்டு மூன்று குப்பை எழுத்து தெறித்தால், அப்போதுதான் தொலைபேசி இணைப்பின் இரைச்சலைச் சந்தேகிக்க வேண்டும். வீட்டுக்குள் போகும் நீண்ட நீட்டிப்பு வயரையும் மற்றத் தொலைபேசிகளையும் கழற்றிப் பாருங்கள். வைத்துவிட்டு மறுபடி அழைப்பதும் உதவும். அழைப்பு வேறு பாதையில் போகலாம்.

அடிப்பது இரண்டு இரண்டாக வருகிறது. அல்லது வருவதே இல்லை.

இரண்டாக வந்தால் லோக்கல் எக்கோவை அணையுங்கள். வராவிட்டால் போடுங்கள்.

எல்லா வரியும் ஒரே வரியின் மேல் விழுகிறது.

எதிர்முனை வரியின் முடிவில் 13-ஐ (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு) மட்டும் அனுப்புகிறது, 10-ஐ (அடுத்த வரிக்கு இறங்கு) அனுப்பவில்லை. டெர்மினலில் லைன் ஃபீட் சேர்க்கும் அமைப்பைப் போடுங்கள். வரிக்கு வரி வெற்று வரி வந்தால் அதை எடுத்துவிடுங்கள். அடாரியில் வரி முடிவு 155 என்பதால், ஆஸ்கி மாற்றம் போடாவிட்டால் வரி முடிவே தெரியாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடுகிறது.

வீட்டில் யாராவது இன்னொரு தொலைபேசியை எடுத்தார்களா? அழைப்புக் காத்திருப்பு வசதி இருக்கிறதா? புதிய அழைப்பு வரும்போது கேட்கும் அந்தச் சிறு ஒலி, கேரியரை ஒரு கணம் வெட்டிவிடும். அந்த வசதியைத் தற்காலிகமாக நிறுத்தும் எண் இருந்தால், டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் அதையும் ஒரு காற்புள்ளியையும் சேருங்கள். இல்லையென்றால் எஸ்10-ஐ உயர்த்துங்கள். கேரியர் போன பின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை அது விநாடியில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுகிறது; ஏடி எஸ்10=50 என்றால் 5 விநாடி. ரொம்பவும் உயர்த்தினால் எதிர்முனை உண்மையாகவே வைத்துவிட்டாலும் உங்கள் மோடம் உடனே உணராது.

ஒரு மென்பொருளிலிருந்து வெளியேறும் நொடியில் மட்டும் அறுந்தால் 20-ம் பின்னில் வரும், கணினி தயார் என்று சொல்லும் டிடிஆர் சிக்னல்தான் காரணம். மென்பொருள் அதை இறக்கியதும் மோடம் வைத்துவிடுகிறது. மோடம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். வேண்டாமென்றால் ஏடி ஆம்பர்சண்ட் டி0 (AT&D0) அல்லது அதற்கான டிப் சுவிட்ச் (மோடத்தில் உள்ள சிறு சுவிட்ச்).

இணைப்பை வைக்காமலே மோடத்துக்குக் கட்டளை தர மூன்று கூட்டல் குறி (+++) அடித்தும் கட்டளை நிலைக்கு வரவில்லை.

முன்னும் பின்னும் ஒரு விநாடி எதையும் அடிக்காமல் இருங்கள். ரிட்டர்னும் தட்டாதீர்கள்.

மெதுவாக வந்தால் சரி. வேகமாக வந்தால் எழுத்துகள் விழுங்கப்படுகின்றன.

8-என்-1-இல் தொடக்க, நிறுத்த பிட்களோடு ஒரு எழுத்துக்கு 10 பிட். 2400 பிபிஎஸ் என்றால் நொடிக்கு 240 எழுத்து. கமடோர் 64-இல் சீரியலுக்கென்று தனிச் சில்லு கிடையாது. செயலியே ஒவ்வொரு பிட்டையும் எண்ணுகிறது. நடுவில் திரைச் சில்லு செயலியை நிறுத்தி வைக்கும். அதனால் கணினியிலேயே பதிந்திருக்கும் கெர்னல் நிரலை அப்படியே நம்பினால் 1200 வரை நம்பகம். 2400-க்கு அதற்கென்றே திருத்தி எழுதிய டெர்மினல் மென்பொருளை எடுங்கள்.

ஐபிஎம் பிசியில் சீரியல் போர்ட்டை நடத்தும் 8250 சில்லு வந்த எழுத்துகளில் ஒன்றைத்தான் பிடித்து வைக்கும். அதைச் செயலி எடுக்கும் முன் அடுத்தது வந்தால் முதலாவது தொலைந்தது. 16550ஏ சில்லில் 16 எழுத்துக்கு இடம் உண்டு. 9600-க்கு மேல் போகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட அவசியம். கூடவே 4, 5 பின்களின் ஓட்டக் கட்டுப்பாட்டை (பொறு, அனுப்பு என்று சொல்லும் முறையை) மோடம், மென்பொருள் இரண்டிலும் போட வேண்டும். மூன்றே கம்பி உள்ள கேபிளில் அது நடக்காது.

பேசிக் மொழியில் நானே சிறு டெர்மினல் எழுதினேன். கமடோர் 64-இல் மாறிகள் அழிந்துவிடுகின்றன.

சீரியலுக்கான கருவி எண் 2-ஐ ஓபன் செய்ததும் கணினி நினைவகத்தின் மேல்முனையில் 256 பைட் அளவுள்ள இரண்டு இடங்களை ஒதுக்கி, எல்லா மாறிகளையும் அழித்துவிடும். ஓபன் வரியை நிரலின் முதலில் வையுங்கள். இடம் போதாவிட்டால் பிழைச்செய்தி வராது. நிரலின் வால் பகுதி அழிந்துவிடும். ஓட்டும் முன் சேமித்துவிடுங்கள்.

எழுத்து சரியாக வருகிறது. எக்ஸ்மோடத்தில் கோப்பு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

வார்டு கிறிஸ்டென்சன் 1977-இல் எழுதிய எக்ஸ்மோடம் கோப்பை 128 பைட் துண்டுகளாக அனுப்பி, ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் சரிபார்க்கும். இதற்கு எட்டு பிட்டும் வேண்டும். 7-இ-1-இல் வாசிப்பு நன்றாக இருக்கும், எக்ஸ்மோடம் முதல் துண்டிலேயே நிற்கும். 8-என்-1-க்கு மாறுங்கள். எதிர்முனை மறுத்தால் கெர்மிட் முறையைக் கையாளுங்கள். அது 7 பிட் பாதையிலும் போகும்.

முதலில் ஓடி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் போட்டிருக்கிறதா பாருங்கள். கோப்புக்குள் இருக்கும் 19 என்ற பைட்டை "நிறுத்து" என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு அனுப்புவதை நிறுத்திவிடும். கோப்பு மாற்றத்தின்போது அதை அணையுங்கள்.

வந்த கோப்பு அசலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது இயல்பு. கடைசித் துண்டை 128-க்கு நிரப்பி அனுப்புவார்கள். 300 பிபிஎஸ்ஸில் 16 கேபி கோப்புக்கு எப்படியும் 9 நிமிடத்துக்கு மேல் ஆகும். நின்றுவிட்டது என்று அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள், தரவு வருவதைக் காட்டும் ஆர்டி (RD) விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள்.

நானே அறிக்கைப் பலகை நடத்துகிறேன். ஒருவர் வைத்த பிறகும் அடுத்தவருக்கு இணைப்பு கிடைப்பதில்லை.

ஏடி எஸ்0=1 கொடுத்து முதல் மணிக்கே எடுக்கச் சொல்லியிருப்பீர்கள், அது சரி. 8-ம் பின்னில் வரும் கேரியர் சிக்னல் உண்மையான நிலையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். பல மோடங்கள் அதை எப்போதும் "இருக்கிறது" என்று காட்டும்படி வைக்கப்பட்டிருக்கும். முந்தையவர் போனது உங்கள் மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. ஏடி ஆம்பர்சண்ட் சி1-ம் (&C1) ஆம்பர்சண்ட் டி2-வும் (&D2) கொடுத்துச் சேமியுங்கள். டிப் சுவிட்ச் உள்ள மோடத்தில் கேரியரைக் கட்டாயமாக்கும் சுவிட்சை விடுவியுங்கள். அழைத்தவரின் திரையை அடுத்தவர் பார்த்துவிடும் ஆபத்தும் இதனால்தான் வருகிறது, ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்றைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் பழைய மோடம் வேலை செய்யுமா?

குறைந்த வேகத்தில் செய்யும். இணையம் வழிப் போகும் குரலைச் சுருக்கும் முறைகள் மனிதப் பேச்சுக்காக அமைந்தவை; மோடம் ஒலியைச் சிதைத்துவிடும். உங்கள் பெட்டியில் சுருக்கம் இல்லாத ஜி.711-ஐத் தேர்ந்தெடுங்கள். அமைதி நேரத்தை வெட்டும் வசதியை அணையுங்கள். அப்படியும் ஒரு பொட்டலம் தொலைந்தால் வேகமான மோடங்கள் தடுமாறும். 300 பிபிஎஸ் எல்லாவற்றையும்விடத் தாங்கும்.

இரண்டு மோடங்களைச் சோதிக்க மட்டும் என்றால் எக்ஸ்சேஞ்சே வேண்டாம். இரண்டையும் ஒரு தொலைபேசி வயரால் நேராக இணைத்து, ஒன்றில் ஏடி எக்ஸ்1டி (ATX1D), உடனே மற்றொன்றில் ஏடி ஏ கொடுங்கள். பல மோடங்கள் இப்படியே கைகுலுக்கிவிடும். இணைப்பில் மின்னோட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவற்றுக்குச் சிறு தொலைபேசி இணைப்பு சிமுலேட்டர் வேண்டும்.

வைஃபை மோடம் வாங்கினேன். வாசிப்பு சரி, கோப்பு மட்டும் கெட்டு வருகிறது.

இங்கே தொலைபேசி இணைப்பும் கேரியரும் கிடையாது. அந்தச் சிறு பலகை ஏடி கட்டளைகளைக் கேட்டு டெல்நெட் (இணையம் வழிக் கணினிகளைப் பேச வைக்கும் முறை) வழியாக இணைகிறது. டெல்நெட்டில் 255 என்ற பைட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. ஒரு பக்கம் அதை இரட்டித்து அனுப்பி, மறுபக்கம் இரட்டிப்பை நீக்காவிட்டால் கோப்பில் அந்தப் பைட் வரும் இடமெல்லாம் துண்டு பிசகும். மோடத்தின் டெல்நெட் அமைப்பை ஒரு முறை மாற்றி, 255 நிறைய உள்ள சிறு கோப்பு ஒன்றை அனுப்பிப் பாருங்கள். இரண்டில் ஒரு நிலையில் அது முழுதாக வந்து சேரும்.